பத்துக்குக் கீழே விழாத பகடை

ஈரச் சுவரில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருக்கிறான் திரையன், கீழே பாறை, பாறைக்குக் கீழே கடல், மழை சாய்ந்தடிக்கிறது, கலங்கரை விளக்கத்தின் உச்சியில் அமைச்சர் நஞ்சுண்டாரின் ஆட்கள் மூன்று பேர் அவன் ஏறிவந்த கயிற்றை அறுத்துக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் ஒரு முழம் எட்டினால் சன்னல், சன்னலுக்குள் கிழட்டு அரசி சாவதற்கு முன் எழுதிவைத்த ஓலை, ஓலை கிடைத்தால் ஏழு தீவும் அவன் பக்கம், கிடைக்காவிட்டால் மீனுக்குத் தீனி, என்று சொல்லிவிட்டு நான் மூச்சு வாங்குகிறேன், என் தங்கச்சி பிலோமி பகடையைக் கைக்குள் குலுக்குகிறாள், இருபது முகம் கொண்ட நீலப் பகடை, அது நான் வரைந்த கடலின் மேல் உருண்டு, மூன்றாம் தீவைத் தாண்டி, டீ கிளாசில் முட்டி நிற்கிறது, இரண்டு, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இரண்டுதான், பதினைந்துக்குக் குறைந்தால் திரையன் விழுவான் என்று ஒரு நிமிடத்துக்கு முன்னால் நானே சொல்லியிருக்கிறேன், மேசை நடுவே வைத்த போனிலிருந்து அவள் புருஷனின் குரல் வருகிறது, ஏட்டி, எத்தன விழுந்திச்சு, பிலோமி என்னைப் பார்க்கிறாள், எதிரே விளையாடும் காசி சாரைப் பார்க்கிறாள், பிறகு போனைப் பார்த்துச் சொல்கிறாள், பதினேழு.

அப்படிப் போடு, என்று ரெமி அங்கே கத்துகிறார், அவர் பின்னால் கப்பலின் இரும்பில் யாரோ எதையோ தட்டும் சத்தம், மச்சான் கேட்டீங்களா, பதினேழு, சன்னலுக்குள்ள குதிச்சாச்சு, என்கிறார், நான் வாயைத் திறக்கிறேன், என் வாயிலிருந்து என்ன வர வேண்டும், மாப்ள, விழுந்தது இரண்டு என்று வர வேண்டும், அதுதானே இத்தனை வருடமும் இந்த மேசையின் சட்டம், விழுந்தது விழுந்ததுதான், தங்கச்சி ஆனாலும் மாப்பிள்ளை ஆனாலும் எண்ணை மாற்றக் கூடாது, சட்டம் போட்டவன் நான், உப்புக் கம்பெனி எடைமேடையில் உட்கார்ந்து லாரி லாரியாக எண் படித்து எழுதுகிறவன், இருபது வருடத்தில் ஒரு கிலோ கூட்டிச் சொன்னதில்லை, குறைத்துச் சொன்னதில்லை, டிரைவர்கள் என்னை எடைக்கல்லு என்றுதான் கூப்பிடுவார்கள், அந்த எடைக்கல்லு என்ன சொல்லிற்றென்றால், சன்னல் கம்பி துருப்பிடித்திருக்கிறது, திரையன் தோளால் இடிக்கிறான், கம்பி பெயர்ந்து உள்ளே விழுகிறது, ஓலை அவன் கையில். காசி சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

எதற்காக அப்படிச் செய்தோம் என்று யாராவது கேட்டால் சொல்லலாம், யாரும் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன். ரெமி என் தங்கச்சியைக் கட்டியவர், சரக்குக் கப்பலில் மூன்றாம் இன்ஜினியர், இந்த விளையாட்டை இந்தத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்ததே அவர்தான், ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிய தடித்த புத்தகமும் ஒரு பை பகடையும், மச்சான் நீங்கதான் நல்லா கத விடுவீங்களே, இத நடத்துங்க, என்று என் கையில் திணித்தார், ஒருவர் கதை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம், என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்வார்கள், நடக்குமா நடக்காதா என்று பகடை சொல்லும், அவ்வளவுதான், நான் அந்தப் புத்தகத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ஏழு தீவும் அவற்றின் தலைவர்கள் கூடும் ஒரு அலைமன்றமும் படைத்தேன், மாடியில் ஒரு தேர்தல் பேனரைத் திருப்பிப் போட்டு அதன் வெள்ளைப் பக்கத்தில் கடல் வரைந்தேன், வெயில் பட்டால் கும்பிட்ட கை இரண்டு தண்ணீருக்கு அடியிலிருந்து மங்கலாகத் தெரியும், ரெமி கப்பல் தலைவன் திரையன் ஆனார், பிலோமி அவன் கப்பலின் சுக்கான் பிடிக்கும் மீகாமி ஆனாள், காலேஜில் அரசியல் பாடம் நடத்தும் காசி சார் வேறென்ன ஆவார், அமைச்சர் நஞ்சுண்டார் ஆனார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி என்றால் ஆறு வருடமாக அதுதான், ரெமி கப்பலில் இருக்கும் மாதங்களில் போனில் வருவார், அவருக்குப் பதிலாகப் பிலோமி உருட்டுவாள், என்ன விழுந்தது என்று சொல்வாள், அவர் அங்கே எழுதிக்கொள்வார்.

அந்தக் கப்பல் இருக்கிறதே, அதன் பெயரைச் சொல்லவே எனக்கு வாய் கூசுகிறது, அது ஒரு வளைகுடாத் துறைமுகத்துக்கு வெளியே நாலு மைலில் நங்கூரம் போட்டு நின்ற மூன்றாம் வாரம் முதலாளி தலைமறைவு, கம்பெனி போனை எடுப்பதில்லை, டீசல் இல்லை, கரைக்கு இறங்க அனுமதியில்லை, பாஸ்போர்ட் கேப்டனிடம் இல்லை, கேப்டனுக்கும் யாரிடம் இருக்கிறதென்று தெரியவில்லை, ஆள் இல்லாமல் கப்பலை விடக் கூடாது என்று அந்த ஊர்ச் சட்டம், ஆகவே ஆறு பேர் அதன் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும், எத்தனை நாளைக்கு என்று சட்டம் சொல்லவில்லை, ரெமியின் நல்ல போன் உப்புக்காற்றில் செத்தது, சமையல்காரரிடம் ஒரு பட்டன் போன், ஒரு பேட்டரியில் கம்பி சொருகி மத்தியானம் ஒரு மணிநேரம் உயிர் கொடுப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணிநேரம், மற்ற ஐந்து பேரும் விட்டுக்கொடுத்தார்களாம், அவர்களும் சுற்றி உட்கார்ந்து கேட்டார்களாம், தமிழ் தெரியாதவர்களுக்கு ரெமி இந்தியில் சொல்வாராம், திரையன் இப்ப எங்க இருக்கான், அமைச்சர் என்ன செஞ்சான், என்று வார நாளிலும் விசாரிப்பார்களாம். இரண்டு விழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, விளையாட்டு தொடங்கும் முன் ரெமி சாதாரணமாகச் சிரித்துக்கொண்டே சொன்னார், மச்சான், இந்த மூணு மணி மட்டும் இல்லன்னா நான் என்னைக்கோ குதிச்சிருப்பேன், நாலு மைலுதான, நீந்திருவேன். பிலோமி அப்போது டீ ஊற்றிக்கொண்டிருந்தாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள், கிளாஸ் நிறைந்து மேசையில் வழிந்தது.

அவரை அந்தக் கப்பலிலேயே இருக்கவைக்க வேண்டும், குதிக்க விடக் கூடாது, எங்களுக்கு வேறு ஒரு வேண்டுதலும் இல்லை, அதற்குத் திரையன் சாகக் கூடாது, ஆகவே இரண்டு பதினேழானது, அடுத்த வாரம் நான்கு பன்னிரண்டானது, அதற்கடுத்த வாரம் ஒன்று விழுந்தது, ஒன்று என்றால் இந்த விளையாட்டில் சர்வநாசம், பிலோமி கண்ணைக்கூடச் சிமிட்டாமல் பத்தொம்பது என்றாள், எனக்கே நம்பலாம் போலிருந்தது. நான் உடந்தை, நான்தான் பெரிய உடந்தை, பொய்யான எண்ணுக்கு மெய்யான கதை கட்டுகிறவன் நான், புயலை விலக்கினேன், கயிற்றை அவிழ்த்தேன், விஷக் கோப்பையைப் பூனை தட்டிவிட்டது, நாலாம் தீவு அவன் பக்கம் சாய்ந்தது, ஆறாம் தீவு சாய்ந்தது. காசி சார் இரண்டு வருடமாக ஒரு சதி பின்னிவைத்திருந்தார், வாரம் தவறாமல் சிறு துண்டுச் சீட்டில் எழுதி மடித்து என் சட்டைப்பைக்குள் போடுவார், இன்ன தீவுக்கு இன்ன பொய்க் கடிதம், இன்ன மோதிர முத்திரை, அவ்வளவு நேர்மையான அயோக்கியத்தனம், அதெல்லாம் என் பூனையால் பாழாய்ப்போயிற்று, ஒருநாள் படியிறங்கும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினார், வே, ஒரு வார்த்த கேளும், அவன் இன்ஜினியரு, எண்ணுவான், நடுநடுவ ரெண்டு தோல்வியக் குடும், வலிக்காத தோல்வியாக் குடும், என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. உமக்குத் தோக்கப் பிடிக்கல சார், அதைச் சொல்லும், அங்க ஒருத்தன் அரைச்சாக்கு அரிசிய ஆறு பேருக்குப் பங்கு வச்சுத் தின்னுட்டுக் கெடக்கான், உமக்கு நஞ்சுண்டார் பெருசாப்போச்சு, என்றேன், மனிதர் முகம் சுண்டிப்போனது, அடுத்த வாரத்திலிருந்து அவர் சீட்டில் ஒரே வரிதான் இருந்தது, அமைச்சர் இந்த வாரமும் தோற்கிறார்.

காசி சார் சொன்னது எவ்வளவு சரி, அதைக் கேட்டிருந்தால், கேட்டிருந்தால் என்ன மண்ணாங்கட்டி, கேட்கவில்லை. இப்போதெல்லாம் மத்தியானத் தூக்கத்தில் எனக்கு எடைமேடை வருகிறது, லாரிக்குப் பதில் அந்தக் கப்பல் மேடையில் ஏறி நிற்கிறது, அலைமன்றத்தின் ஏழு தலைவர்களும் என் கூண்டைச் சுற்றி நிற்கிறார்கள், எவ்வளவு, எவ்வளவு, என்கிறார்கள், நான் எண் படிக்கிறேன், படிக்கிற எண்ணும் காட்டுகிற எண்ணும் வேறுவேறு, சுவரில் தொங்குகிறவன் திரும்பிப் பார்க்கிறான், திரையன் முகத்தில் ரெமியின் அரைத் தாடி, மச்சான் எத்தன, என்கிறான், விழித்தால் சட்டை நனைந்திருக்கிறது, மூன்று மணி ஆகியிருக்கிறது. நாங்கள் பகடையில் மட்டும்தான் பொய் சொன்னோம், அதை யாரிடம் போய்ச் சொல்ல, மற்றதெல்லாம் நிஜம், மாலுமிகள் சங்கத்தில் மனு கொடுத்தது நிஜம், அந்த ஊர்க் கோர்ட்டில் வழக்கு எடுத்தது நிஜம், பிலோமி கலெக்டர் ஆபீஸ் வாசலில் நாலு நாள் நின்றது நிஜம், வாய்தா தள்ளிப்போனதைக்கூட அப்படியே சொன்னோம், இந்த வியாழக்கிழமை படகு வரும் என்று கேப்டன் வாராவாரம் சொன்னதை அவர்கள் நம்புவதை எப்போதோ விட்டிருந்தார்கள், எங்களைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

எட்டு மாதம் அப்படிப் போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை திரையன் அலைமன்றத்தின் சங்குப் பீடத்தில் ஏறவேண்டிய நாள், ஆறு வருடக் கதையின் உச்சி, பிலோமி உருட்டினாள், ஐந்து விழுந்தது, பதினாலு என்றாள், போனில் ரெமி நிதானமாகப் பேசினார், மச்சான், நான் எஞ்சின் ரூம் லாக் புக்குலதான் எழுதிட்டு வாரேன், வேற பேப்பர் இல்ல, இன்னைக்கோட நூத்திப் பன்னெண்டு தடவ ஆச்சு, பத்துக்குக் கீழ ஒண்ணுகூட விழல. நான், அதிர்ஷ்டம் மாப்ள, என்றேன். அவர் சிரிக்கவில்லை. மச்சான், எஞ்சின்ல ஒரு மீட்டர் எட்டு மாசமா நல்ல ரீடிங் மட்டுமே காட்டிச்சுன்னா எஞ்சின் நல்லாருக்குன்னு அர்த்தம் இல்ல, மீட்டர் செத்துப்போச்சுன்னு அர்த்தம், சும்மா சொல்லுங்க, இப்ப என்ன விழுந்திச்சு. பிலோமி என் முகத்தைப் பார்த்தாள், அவள் கண்ணில் நீ சொல்லிவிடு என்று இருந்ததா, சொல்லிவிடாதே என்று இருந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, காசி சார் மெதுவாக, சொல்லிரும்வே, என்றார், அது மட்டும் நன்றாகக் கேட்டது. நான் சொன்னேன், சத்தியமா மாப்ள, பதினாலுதான். அங்கேதான் கெடுத்தேன், அதுவரை செய்ததைக்கூட மன்னிப்பார், நல்ல மனிதர், கேலிசெய்து சிரித்து மன்னித்திருப்பார், பிடிபட்ட பிறகும் சத்தியம் செய்தேன் பார், அங்கேதான்.

அப்ப கோர்ட்டு ஆர்டர் வரும்னு சொல்லுதீங்களே, அதும் இதே டைஸ்தானா, என்று கேட்டார். ஐயோ இல்ல மாப்ள, என்றேன். அலைமன்றத்துல கடிதம் வந்தா மொதல்ல என்ன கேக்கணும்னு எனக்குச் சொல்லிக்குடுத்தது நீங்கதான், இந்தச் சேதியால யாருக்கு லாபம், அதத்தான கேக்கணும், நான் வாய மூடிட்டு இங்கயே உக்காந்திருந்தா யாருக்கு லாபம் மச்சான், உங்களுக்கு நிம்மதி, பிலோவுக்கு நிம்மதி, அதான் சேதி வாரம் வாரம் நல்லதாவே வருது, என்றார், குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை, கணக்குப் போட்டு விடையைச் சொல்கிறவர் மாதிரி சொன்னார். ஆமாம், சொல்லிக்கொடுத்தவன் நான்தான், ஆறு வருடம் பொய்க் கடிதங்களை விரலால் தடவிக் கண்டுபிடிக்க அவரைப் பழக்கியவன் நான், காசி சாரின் மிகச் சிறந்த சூழ்ச்சிகளையெல்லாம் அந்த ஒரே கேள்வியால் உடைத்தவர் அவர், எனக்கே பெருமையாக இருக்கும், தூரத்தில் யாரோ பேட்டரி, பேட்டரி, என்று கூப்பிட்டது கேட்டது, ரெமி போனை வைத்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் போன் வரவில்லை, மூன்றரைக்கும் வரவில்லை, நாங்கள் மூன்று பேரும் பேனர்க் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், காசி சார் கொண்டுவந்த மக்ரூனை யாரும் தொடவில்லை.

மறுநாள் திங்கள்கிழமை பதினொரு மணிக்கு ஆர்டர் வந்தது. இதைத்தான் என்னால் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை, நிஜமாகவே வந்தது, சங்கத்திலிருந்து ஆள் போன் செய்தார், அந்த ஊர் நீதிபதி கையெழுத்துப் போட்டாயிற்று, வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குப் படகு வரும், ஆறு பேரையும் இறக்கும், மாற்று ஆள் ஏறுவார்கள், வெள்ளிக்கிழமை விமானம், நான் எடைமேடைக் கூண்டிலிருந்து அப்படியே எழுந்து ஓடினேன், பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான், பிலோமி வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலிருந்து செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தாள், மத்தியானம் போன் உயிர்பெறும் அந்த ஒரு மணிநேரத்துக்குக் காத்திருந்து அடித்தோம், எடுத்தார், மாப்ள, வந்திருச்சு, ஆர்டர் வந்திருச்சு, வியாழக்கெழம ஒம்பதரைக்குப் படகு, என்று நான் கத்துகிறேன், அழுகிறேன், சிரிக்கிறேன், அவர் கேட்டார், எத்தன விழுந்திச்சு மச்சான், இருபதா.

பிலோமி போனைப் பிடுங்கினாள், பனிமய மாதா மேல சத்தியமாச் சொல்லுதேங்க, இது நெசம், பேப்பர் இருக்கு, சங்கத்து ஆளு நம்பர் தாரேன், நீங்களே கேளுங்க, என்றாள், மாதாவ எதுக்குட்டி இதுல இழுக்க, என்றார் அவர், மெதுவாக, அவளுக்கு வலிக்கக் கூடாது என்பதுபோல, அன்னைக்கும் உன் அண்ணன் சத்தியந்தான் பண்ணாரு, நம்பர் குடுத்தா அந்தப் பக்கம் காசி சார் கொரல மாத்திப் பேசுவாரு, அவரு நல்லா பேசுவாரே, கோவப்படல பிலோ, என்னய உயிரோட வச்சிருக்கத்தான் செய்யுதீங்கன்னு தெரியும், ஆனா எனக்கு இப்ப எது தர எது தண்ணின்னு தெரியல. கேப்டன்ட்டக் கேளுங்க, அவருக்கும் தகவல் வரும், என்று நான் குறுக்கே கத்தினேன், கேப்டனா, அவரு பதினோரு மாசமா வியாழக்கெழமதான் சொல்லுதாரு, என்று சிரித்தார். குதிச்சிராதீங்க, மூணே நாளு, என்று பிலோமி கெஞ்சினாள், பேட்டரி போச்சு, என்றார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் எண்ணெய் பீப்பாய் நான்கைக் கயிற்றால் கட்டி, மேலே ஒரு கதவைக் கழற்றிப் போட்டு, ரெமியும் சமையல்காரரும் இறங்கினார்கள், இதெல்லாம் சமையல்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும், அவரை ஒரு மீன்பிடிப் படகு தூக்கிக் காப்பாற்றியது, இரண்டு மைல் வரை நன்றாகத்தான் போனார்களாம், கரையில் கட்டிடங்கள் தெரிந்தனவாம், அதன்பின் நீரோட்டம் குறுக்கே இழுத்தது, கயிறு விட்டது, பீப்பாய் பீப்பாயாகப் பிரிந்து போயிற்று, ரெமி ஒரு பீப்பாயைப் பிடித்துக்கொண்டு கரைப்பக்கமாகவே உதைத்துப் போனதைத்தான் அவர் கடைசியாகப் பார்த்தார், இறங்கும் முன் கேப்டன் தடுத்தபோது ரெமி சொன்னாராம், யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம், நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன், என்று. வியாழக்கிழமை ஒன்பதரைக்குப் படகு வந்தது. ஒரு நிமிடம் முன்னே இல்லை, ஒரு நிமிடம் பின்னே இல்லை, மீதி நாலு பேரை இறக்கிக்கொண்டு போனது. நான் அதைக் கேட்டுத் தலையில் தலையில் அடித்துக்கொண்டேன், இத்தனை மாதம் எல்லாவற்றிலும் இழுத்தடித்தவர்கள் அன்றைக்காவது ஒரு நாள் தாமதமாக வந்திருக்கக் கூடாதா, வராமலே இருந்திருக்கக் கூடாதா, அவர் சந்தேகப்பட்டது சரி என்றாவது ஆகியிருக்கும்.

உடல் கிடைக்கவில்லை. கிடைக்காததால் பூசை வைக்கவும் பிலோமி சம்மதிக்கவில்லை, வெள்ளைச் சேலை கொண்டுவந்த பெரியம்மாவை வாசலோடு அனுப்பிவிட்டாள், பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள், என்னிடம் சோறு வேணுமா என்று கேட்கிறாள், வேறு ஒன்றும் கேட்பதில்லை, திட்டினால் பரவாயில்லை, செருப்பால் அடித்தால் பரவாயில்லை, சோறு வேணுமா என்று கேட்கிறாளே. நாற்பது நாள் கழித்து, இன்று, ஞாயிற்றுக்கிழமை, மாடியில் காசி சாரும் நானும் சும்மா உட்கார்ந்திருக்கிறோம், அவர் வருகிறார், உட்காருகிறார், போகிறார், இரண்டு பேருக்கும் போக வேறு இடமில்லை, மூன்று மணிக்கு மாடிப்படியில் கால் சத்தம், பிலோமி, தலை முழுகி ஈரம் சொட்டச் சொட்ட வந்து நிற்கிறாள், பேனர விரி அண்ணே, என்கிறாள். விரித்தேன். பகடையை அவளே எடுத்தாள்.

அவுகளுக்கு உருட்டுதேன், என்றாள், கரை சேந்தாகளா இல்லையா, எத்தன விழணும் சொல்லு, கத நடத்துறவன் நீதான. பிலோமி வேண்டாம்மா, என்று காசி சார் எழுந்தார், நீங்க உக்காருங்க சார், என்றாள். எனக்கு ஒன்று என்று சொல்ல ஆசை, ஒன்று விழுந்தாலே போதும், என்ன விழுந்தாலும் சேர்ந்துவிடுவார் என்று சொல்ல ஆசை, பத்து, என்றேன், அவளுக்கு மூக்கு விடைத்தது, பத்தாம் பத்து, அன்னைக்குக் காத்து எப்பிடி இருந்திச்சு, நீரோட்டம் எப்பிடி இருந்திச்சுன்னு சமையக்காரரு சொன்னத நீயுந்தான கேட்ட, ரெண்டு மைலு, ஒத்தப் பீப்பா, பதினோரு மாசம் அரவயித்துக்குத் தின்ன ஒடம்பு, ஒழுங்காச் சொல்லு. பதினெட்டு, என்றேன். பதினெட்டும் அதற்கு மேலும் மூன்றே முகம்தான் அந்தப் பகடையில், அவள் தலையாட்டினாள், அதான் சரி, என்றாள், கண்ணை மூடிக்கொண்டு திரும்பி நின்றாள், சன்னல் பக்கம் முகம், முதுகுக்குப் பின்னாலிருந்தே கையை உதறினாள், பகடை பேனர் மேல் விழுந்து, நாலாம் தீவு, ஐந்தாம் தீவு, கும்பிட்ட கை, எல்லாவற்றையும் தாண்டிப் பேனரின் ஓரத்துக்கு ஓடி, விளிம்பில் ஒரு நொடி ஆடி, நின்றது. காசி சார் குனிந்தார், நானும் குனிந்தேன், அவர் என் தோளைப் பிடித்த பிடி வலித்தது. எத்தன, என்றாள் பிலோமி, திரும்பாமல்.

பத்தொம்பது, என்றேன்.

அவள் தோள் ஒருமுறை ஏறி இறங்கியது. போதும்ண்ணே, என்றாள். ஐயோ பிலோமி, நெசமாவே பத்தொம்பது, திரும்பிப் பாரு, ஒருவாட்டி பாரு, என்று நான் கிட்டத்தட்ட அலறினேன், ஆமாம்மா, என் பிள்ளைகள் மேல ஆணையா, பத்தொம்பதும்மா, என்று காசி சார் கும்பிடப் போனார், நீங்களுமா சார், என்றாள், அவ்வளவுதான், கண்ணைத் திறக்காமலே சுவரைத் தடவிக்கொண்டு படிப்பக்கம் போனாள், ஒவ்வொரு படியாக இறங்குகிறாள், நான் பின்னாலேயே ஓடிப் பிடித்து இழுத்துவந்து காட்டியிருக்கலாம், பார்த்துவிட்டால் மட்டும் என்ன, அவள் வரும் முன் நான் புரட்டிவைத்தேன் என்று நினைப்பாள், கீழே அடுப்படியில் தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்கிறது, காசி சார் இன்னும் பகடையைப் பார்த்தபடி நிற்கிறார், பத்தொன்பதுதான், நான் நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்துவிட்டேன், பத்தொன்பதுதான்.